குளிர்ந்தால் பையனே சொல்லிவிடுவான் என்று இருந்துவிடாதீர்கள்

பனி கொட்டும் இந்தக் குளிர் நாட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் சின்னப் பையன்களை அழைத்துவரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பனியில விளையாட விடலாமா டாக்டர்? சளி பிடிச்சுடாதா?" தாராளமாக விடலாம், விடத்தான் வேண்டும் என்று சொல்வேன். உடனே அவர்களே ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்: "ரொம்பக் குளிர்ந்தா அவனே உள்ளே ஓடி வந்துடுவான்ல." குழந்தை மருத்துவராக எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது பேச்சுதான். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பையன்கள் பெரும்பாலும் ஓடி வருவதில்லை. கை மரத்துப்போனாலும், சாக்ஸ் நனைந்தாலும், சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றாலும் வரமாட்டார்கள். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் சளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சளி வைரஸால் வருகிறது. குளிர்ந்த காற்று மூக்கின் எதிர்ப்புத் திறனைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் சளி பரவுவதற்குப் பெரிய காரணம், எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசிப்பதுதான். பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். அதில் பெரும்பங்கு குளிர்காலத்தில்தான் வரும். பையனை வீட்டுக்குள் பூட்டிவைத்தால் அது நிற்காது. வெளியே விளையாடும் நேரத்துக்கு வேறு லாபங்களும் உண்டு. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. இரவில் தூக்கமும் ஒழுங்காக வரும். மாலை ஆறு மணிக்குச் சோபாவிலிருந்து சோபாவுக்குத் தாவிக்கொண்டிருக்கும் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு திண்டாடும் அம்மாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, குளிர்ந்தால் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறான்? உடலின் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம். அதனால் சூடு வேகமாக வெளியேறுகிறது. உடல் தன் நடுப்பகுதியைக் காப்பாற்றுவதற்காக விரல், காது, மூக்குக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் விரல் வலிக்கும், சுருக் சுருக்கென்று குத்தும். அப்புறம் மரத்துப்போகும். மரத்துப்போனதும் வலி நின்றுவிடுகிறது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பையன் "சரியாயிடுச்சு" என்று நினைத்துக்கொண்டு மறுபடி பனியை உருட்டப் போய்விடுவான். ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

இன்னொரு காரணம் நம் வாயிலிருந்து வருவது. "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழலாமா?" நான்கு வயதுக் குழந்தை முன்னால் இதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். என் அறையில் பார்த்திருக்கிறேன்: சிவந்து வீங்கிய கால்விரல்களைத் தொட்டால் முகம் சுளிக்கிறான், "வலிக்குதா?" என்று கேட்டால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல" என்கிறான். வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் தைரியம் என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பனியில் விளையாடும் குழந்தை அதைக் கற்றிருக்கக் கூடாது.

ஆகவே சோதித்துப் பாருங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவனைக் கூப்பிட்டு, உங்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, அவன் பின்கழுத்துக்குள் விரலை விடுங்கள். கதகதப்பாக, உலர்ந்து இருந்தால் நல்லது. ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தால் வியர்த்திருக்கிறது, ஓர் அடுக்கு அதிகம். சில்லென்று இருந்தால் உள்ளே கூட்டிப்போக வேண்டிய நேரம். பிறகு கையுறையைக் கழற்றி விரல் நுனிகளையும், காது மடலையும், கன்னத்தையும், மூக்கு நுனியையும் பாருங்கள். புத்தகங்களில் பனிக்கடிக்கு, அதாவது குளிரில் தோல் உறைந்துபோவதற்கு, முந்தைய நிலையை "தோல் சிவந்து, பிறகு வெளுக்கும்" என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரி நிறம் மங்கும், மெழுகு தடவியது போல ஒரு பளபளப்பு வரும், தொட்டால் விறைப்பாக இருக்கும். விரலை மெல்ல அழுத்தி "நான் தொடுறது தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் விளையாட்டு அன்றைக்கு முடிந்தது.

உள்ளே கூட்டிவந்ததும் பலர் செய்வது கையைத் தேய்ப்பது, ஹீட்டருக்கு முன்னால் நீட்டச் சொல்வது, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் வைப்பது. மூன்றும் தப்பு. உறைந்த தோலைத் தேய்த்தால் திசு சிதையும். மரத்துப்போன விரலுக்குச் சூடு உறைக்காது என்பதால் சுட்டுக்கொண்டாலும் அவனுக்குத் தெரியாது. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ், அதாவது உங்கள் முழங்கையை விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் தண்ணீரில் வைத்திருங்கள். ஆற ஆற மாற்றுங்கள். உணர்வு திரும்பும்போது நன்றாக வலிக்கும், அப்போது அழுவான், அழட்டும். அரைமணி நேரமாகியும் உணர்வோ நிறமோ திரும்பாவிட்டால், கொப்புளம் வந்தால், தோல் கட்டை போல இறுகியே இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இன்னொன்று: நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தள்ளாடி, தூங்கிவழிந்தால் "குளிர் விட்டுடுச்சு" என்று அர்த்தமில்லை. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கலாம். அது அவசர நிலை. ஈர உடையைக் கழற்றிப் போர்வையால் சுற்றி, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு குளிரில் விடக் கூடாது? வானிலை அறிவிப்பில் வெறும் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 27, 28 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய வாய்ப்புண்டு. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அதற்கு மேலே இருக்கும் நாட்களில் எண்ணைவிட ஈரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மைனஸ் 10-இல் உலர்ந்த உடையோடு குதித்துக்கொண்டிருக்கும் பையனைவிட, பனி உருகும் நாளில் தொப்பலாக நனைந்த கையுறையோடு நிற்கும் பையன் சீக்கிரம் விறைத்துப்போவான்.

உடை விஷயத்தில் நாம் வழக்கமாகத் தவறுவது உள்ளாடையில். வெளிக்கோட்டுக்கு நிறையச் செலவழித்துவிட்டு, உள்ளே பருத்தி பனியனைப் போட்டு அனுப்புகிறோம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அதைத் தோலோடு ஒட்டவைக்கும். பையன் ஓடி வியர்த்து, அப்புறம் நின்றானானால் அந்த ஈரமே அவனைக் குளிரவைக்கும். உள்ளே மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ, நடுவில் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே தண்ணீர் புகாத ஸ்னோ சூட். நீங்கள் போட்டுக்கொள்வதைவிட ஓர் அடுக்கு கூட, அவ்வளவு போதும். விரல் தனித்தனியான கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடு காக்கும். இரண்டு ஜோடி கொடுத்தனுப்புங்கள், முதல் ஜோடி நனையாமல் திரும்பாது. சாக்ஸின் மேல் சாக்ஸ் போட்டு பூட்ஸுக்குள் திணிக்க வேண்டாம். கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பூட்ஸுக்குள் விரல்கள் அசைய இடம் வேண்டும். நீளமான மஃப்ளரும், தொப்பியில் தொங்கும் கயிறும் சறுக்குமரத்தில் சிக்கிக் கழுத்தை நெரிக்கலாம். அவற்றுக்குப் பதிலாகத் தலைவழியே மாட்டும் கழுத்துறை போதும்.

இனி, வெளியில் யாரும் பேசாத ஒன்று. குளிர்காலத்தில் "நல்லா இருந்த பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான்", "பள்ளியிலிருந்து ஈர ஜட்டியோடு வர்றான்" என்று அம்மாக்கள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். சிலர் அவனை அடித்துமிருப்பார்கள். நான் முதலில் கேட்பது அவன் உடையைப் பற்றி. குளிரில் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கும். அதே நேரத்தில் கோட்டு, ஸ்னோ சூட், பேண்ட், உள் பேண்ட், ஜட்டி என்று அத்தனையும் அவிழ்க்க வேண்டும், மிட்டனைக் கழற்றினால் திரும்ப மாட்ட யாராவது உதவ வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பெரிய வேலை. அடக்கிக்கொள்கிறான். தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறான். மலம் இறுகுகிறது, நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பிறகு பகலில் சொட்டுகிறது, இரவில் நனைகிறது. இதில் அவனுடைய சோம்பலோ பிடிவாதமோ எதுவும் இல்லை. உடை மாட்டுவதற்கு முன்பும், உள்ளே வந்த உடனேயும் "வருதா?" என்று கேட்காமல் நேராகக் கழிப்பறைக்கு அழைத்துப்போங்கள். கேட்டால் "வரல" என்றுதான் சொல்வான். பகல் முழுக்கத் தண்ணீர் கொடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, எரிச்சல், காய்ச்சல் இருந்தாலோ, திடீரென்று தாகமும் கூடி உடம்பு இளைத்தாலோ மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இதே அவசரத்தில் நடக்கும் இன்னொரு விபத்து, ஜிப்பில் ஆணுறுப்பின் தோல் மாட்டிக்கொள்வது. விறைத்த விரலால், ஓடும் அவசரத்தில் இழுப்பான். ஜட்டி இல்லாமல் நேராகப் பேண்ட் போடும் பழக்கம் இருந்தால் ஆபத்து அதிகம். மாட்டிக்கொண்டால் ஜிப்பை மேலேயோ கீழேயோ இழுக்காதீர்கள். முடிந்தால் சுற்றியுள்ள துணியைக் கத்தரித்துவிட்டு, அப்படியே அழைத்துவாருங்கள். நாங்கள் மரப்பு மருந்து கொடுத்து எடுத்துவிடுவோம். சின்னப் பையன்களுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்டே போதும்.

உதட்டைச் சுற்றி மீசை வரைந்தது போலக் கருத்து, வெடித்து வரும் பையன்களும் நிறைய. வறண்ட காற்றில் உதடு காய்கிறது, நக்குகிறான், எச்சில் காயும்போது இன்னும் வறள்கிறது, மறுபடி நக்குகிறான். அதட்டினால் நிற்காது. மணமும் சுவையும் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை வெளியே போகும் முன்பும் தூங்கும்போதும் கனமாகத் தடவுங்கள், சில வாரங்களில் ஆறிவிடும். வெயில் அடிக்கும் பனிநாளில் சன்ஸ்கிரீனும் தேவை. புதிதாகப் பெய்த பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். ஆனாலும் அந்த வெயிலை நம்பி வைட்டமின் டி-யை விட்டுவிட முடியாது. உடம்பை மூடியிருக்கிறோம், குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருக்கிறது, நம் தோலும் கருமை. ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 400 யூனிட், அதற்கு மேல் 600 யூனிட் என்பது பொதுவான அளவு. எப்படிக் கொடுப்பது என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனிச்சரிவில் ஸ்லெட் என்னும் சறுக்குப் பலகை ஓட்டினால் ஹெல்மெட் வேண்டும். உட்கார்ந்து, கால் முன்னால் இருக்க வேண்டும், குப்புறப் படுத்துத் தலை முன்னால் போகக் கூடாது. சரிவின் அடியில் மரமோ சாலையோ குளமோ இருக்கவே கூடாது. விழுந்தவன் "ஒண்ணுமில்ல" என்பான். அன்றைக்கு முழுதும் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பக் கஷ்டமான தூக்கம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வது, இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். பனியைக் குடைந்து சுரங்கம் செய்வதையும், சாலையோரப் பனிமேட்டில் ஏறுவதையும் அனுமதிக்க வேண்டாம். சுரங்கம் இடிந்தால் உள்ளே இருப்பவனின் குரல் வெளியே கேட்காது, மேட்டுக்குப் பின்னால் இருப்பவனைப் பனி அள்ளும் வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது.

கடைசியாகக் கார். தடிமனான கோட்டோடு கார் சீட்டில் உட்காரவைக்காதீர்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: கோட்டோடு உட்காரவைத்து வாரை இறுக்குங்கள். வாரை அப்படியே வைத்துவிட்டுப் பையனை இறக்கி, கோட்டைக் கழற்றி, மறுபடி அதே வாருக்குள் உட்காரவையுங்கள். தோளுக்கும் வாருக்கும் நடுவே உங்கள் கை முழுதாக நுழையும். மோதலின்போது கோட்டின் பஞ்சு அமுங்கி, அந்த இடைவெளியில்தான் குழந்தை தூக்கி எறியப்படுகிறான். மெல்லிய ஃப்ளீஸோடு வாரை இறுக்கிவிட்டு, கோட்டை மேலே போர்த்திவிடுங்கள்.

பனி கொட்டிய காலையில் காரைச் சுற்றி அள்ளும்போது, பிள்ளைகள் குளிராமல் இருக்கட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்காரவைப்பவர்கள் உண்டு. புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் திரும்பும். நிறமில்லை, மணமில்லை. சில நிமிடங்களில் குழந்தைகளுக்குத் தலை கிறுகிறுக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அழ மாட்டார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சமர்த்தாகத் தூங்குவதாகத்தான் தெரியும். இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முழுதாக அள்ளுங்கள், பிறகு இன்ஜினைப் போடுங்கள், பிள்ளைகளை எல்லாம் முடிந்தபிறகு ஏற்றுங்கள். காரைக் கொட்டகைக்குள், கதவு திறந்திருந்தாலும்கூட, ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டி, பேட்டரி வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள்.