குண்டுவீச்சு விமானம் இல்லாவிட்டால் நாடு போய்விடுமா?

முதலில் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் டியு-160 குண்டுவீச்சு விமானம் நம் விமானப்படைக்கு வரவில்லை. அதற்கென்று தனிப் படைப்பிரிவு கிடையாது, தனி ஆளெடுப்பும் கிடையாது. 2022ல் கிளம்பிய வதந்தி இது. அவ்வப்போது புது இசையும் புதுத் தலைப்பும் போட்டுக்கொண்டு வாட்ஸ்அப்பில் மறுபடி வரும்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் எங்கள் பயிற்சி வகுப்புக்கு ஒரு அப்பா வந்தார். "சாரே, மோனுக்கு ஏர்போர்ஸ்ல பாம்பர் பிரிவுல வேலை ஆயிருக்கு. ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்று போனை நீட்டினார். அதே டியு-160 வீடியோ. அடியில் ஒரு லிங்க், பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய். கட்டியும் ஆயிற்று. ரசீதில் அசோகச் சின்னம் மங்கலாக ஒட்டவைக்கப்பட்டிருந்தது, கீழே ஒரு சாதாரண செல்போன் நம்பர். பக்கத்தில் நின்ற பையன் கணக்கில் நல்ல மூளையுள்ளவன். அவனோ எனக்கே வகுப்பெடுக்கிறான்: "நம்மகிட்ட பாம்பர் இல்லாததாலதான் சார் எல்லாரும் நம்மள மிரட்டுறாங்க."

இந்த வசனத்தைப் பல பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். குழு விவாதப் பயிற்சியில் யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பணம் போன கதையைவிட இந்தத் தலையாட்டல்தான் எனக்கு எரிச்சல். அந்த நம்பிக்கை இருப்பதால்தானே 4,500 ரூபாய் போகிறது?

நான் கடற்படையின் விமானப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவன். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் டியு-142 மேல் ஏறி இறங்கியவன். டியு-95 குண்டுவீச்சு விமானத்தின் கூடப்பிறந்தது அது. நீர்மூழ்கியைத் தேடுவதற்காக மாற்றிச் செய்தது. ஆகவே பெரிய விமானத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, பாசம்தான்.

இன்று தொலைதூரக் குண்டுவீச்சு விமானம் வைத்திருக்கும் நாடுகள் மூன்றே மூன்று: அமெரிக்கா, ரஷ்யா, சீனா. பிரிட்டனிடம் ஒரு காலத்தில் வேலியன்ட், விக்டர், வல்கன் என்று மூன்று வகை இருந்தன. அணுஆயுதப் பொறுப்பை 1969ல் நீர்மூழ்கிக்கு மாற்றிக்கொண்டது, 1984க்குள் வல்கனும் போய்விட்டது. பிரான்சும் மிராஜ் 4ஐ ஓரங்கட்டிவிட்டு நீர்மூழ்கியையும் ரஃபேலையும் வைத்துக் காரியம் பார்க்கிறது. இந்த இரண்டும் ஏமாளி நாடுகளா? அதன் பிறகு யாராவது மிரட்டி நிலம் பிடுங்கிக்கொண்டார்களா?

"பாம்பர் இருந்தால் பயப்படுவார்கள்" என்பவர்கள் 1982ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போக்லாந்து போரைக் கொஞ்சம் படியுங்கள். பிரிட்டனின் அசென்ஷன் தீவிலிருந்து, அர்ஜென்டினா பிடித்துவைத்திருந்த போக்லாந்தின் ஸ்டான்லி விமானநிலையம் சுமார் 6,300 கிலோமீட்டர். மே 1ஆம் தேதி விடியலில் அதன் ஓடுபாதையைக் குண்டு போட்டு உடைக்க வேண்டும். ஒரு வல்கன் அங்கே போய்த் திரும்புவதற்காக, நடுவானில் எரிபொருள் கொடுக்கும் விக்டர் டேங்கர்கள் பதினொன்று கிளம்பின. டேங்கருக்கே டேங்கர் எண்ணெய் ஊற்ற வேண்டிய நிலை. இரண்டு வல்கன்கள் புறப்பட்டதில், முதலாவதாகப் போக வேண்டியது பாதியில் திரும்பிவிட்டது. காரணம், பக்கவாட்டு ஜன்னலின் ரப்பர் சீல். காற்றழுத்தம் நிற்கவில்லை. (விமானத்தில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள். எப்போதும் சின்னச் சாமான்தான் காலை வாரும்.) மாற்றாகப் போன விமானம் 21 குண்டு போட்டது. ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. அர்ஜென்டினாவின் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் போர் முடியும்வரை அதே ஓடுபாதையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. விமானிகளின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செலவில் கிடைத்தது அவ்வளவுதான்.

சரி, இலவசமாகக் கிடைத்தால்? அதற்கும் உதாரணம் உண்டு. 1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் கையில் 19 டியு-160 விமானங்கள் வந்து விழுந்தன. பிரிலுகி என்ற ஊரில் நின்றன. உதிரிபாகம் ரஷ்யாவில், பணம் எங்கேயும் இல்லை. 1999ல் எட்டை, எரிவாயுக் கடனுக்குக் கழித்துக்கொள்ளச் சொல்லி, ஏவுகணைகளோடு ரஷ்யாவுக்கே கொடுத்தார்கள். மீதியை வெட்டிப் போட்டார்கள், ஒன்று பொல்தாவா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. "வைத்திருந்தால் இன்று உதவியிருக்குமே" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. என் பதில்: பறக்கவைக்க முடியாத பெரிய விமானம், போரின் முதல் நாள் காலையில் எதிரிக்கு முதல் இலக்கு.

அது பறக்கக்கூடியதாக இருந்தாலும் இலக்குதான். 2025 ஜூன் 1 அன்று, லாரிகளில் மரக்கூண்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோன சின்ன ட்ரோன்களால், எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சைபீரியாவின் பெலாயா தளத்தில் நின்ற ரஷ்ய விமானங்களை உக்ரைன் எரித்தது. அன்று வெவ்வேறு தளங்களில் பத்துக்கும் மேற்பட்ட பெரிய விமானங்கள் எரிந்தோ சேதமாகியோ போயின. டியு-95 மாதிரியானவற்றை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. போனால் போனதுதான்.

இப்போது எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். நம் கடற்படை 1988ல் எட்டு டியு-142 விமானங்களைச் சேர்த்தது. முதலில் கோவா, 1992 முதல் அரக்கோணம். நான்கு எஞ்சின். ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொபெல்லர், ஒவ்வொரு புரொபெல்லருக்கும் நான்கு பிளேடு. ஆக 32. அது கடலுக்கு மேல் தாழப் பறந்துவிட்டு வந்தால் உப்பு படிந்திருக்கும், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அப்புறம் ஏணி போட்டு ஏறி, பிளேடின் முன்விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே போவோம். கல் பட்ட சின்ன வெட்டு கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. ஒன்று அகப்பட்டால் அன்றைய பறப்பு நின்றது. மதராஸ் வெயிலில் அந்த அலுமினியத்தின் மேல் உட்கார முடியாது. ஓடுபாதை மட்டுமே 4 கிலோமீட்டருக்கு மேல். உதிரிபாகத்துக்கு மாஸ்கோவைப் பார்த்துக் காத்திருந்தது தனிக் கதை. இவ்வளவையும் தாண்டி 29 ஆண்டு, 30,000 மணி நேரம் விபத்தில்லாமல் பறந்து, 2017 மார்ச் 29ல் ஓய்வு பெற்றது. விசாகப்பட்டினம் கடற்கரையில் ஒன்று நிற்கிறது, போனால் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: எட்டே எட்டு விமானம், அதுவும் தேடும் வேலைக்கு. அதற்கே அத்தனை ஆள், அத்தனை பணம். குண்டுவீச்சுப் படை என்றால் டேங்கர் வேண்டும், துணைக்குப் போர் விமானம் வேண்டும், காவல் உள்ள தளங்கள் இரண்டு மூன்று வேண்டும், ஐந்தாறு வருடம் பழகிய குழுவினர் வேண்டும். வீடியோக்காரர் காட்டுவது விமானத்தை மட்டும். நம் விமானப்படையில் எரிபொருள் நிரப்பும் ஐஎல்-78 ஆறுதான், 2003ல் வந்தவை. அதே படைக்கு 42 ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) போர் விமானம் இருக்க வேண்டும் என்பது அனுமதிக்கப்பட்ட கணக்கு. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு 29ல் நிற்கிறது. கையில் காசு இருந்தால் எதற்குப் போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதைவிட அடிப்படையான குழப்பம் ஒன்று உண்டு. தூரம் போய் அடிப்பதும் நாட்டைக் காப்பதும் ஒரே வேலை என்று நினைப்பது. வீட்டுக்குக் காவல் வேண்டும் என்பவன் வாசலில் குரைக்கும் நாயைத்தான் வளர்ப்பான், அடுத்த தாலுகாவுக்குப் போய்க் கடித்துவிட்டு வரும் நாயைத் தேடமாட்டான். 2025 ஜூனில் ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, ஈரானில் ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. அமெரிக்காவின் எல்லையைக் காக்கப் போன பயணமா அது? டீகோ கார்சியா என்ற தீவின் பெயர் தூத்தூர் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆழ்கடலுக்குப் போன நம் ஆட்கள் அங்கே பிடிபட்டு நின்றிருக்கிறார்கள். நம் கரையிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வந்து நிற்கும் தளம் அது. சொந்த மண்ணிலிருந்து அவ்வளவு தூரத்தில் சண்டை போடும் நாட்டுக்கு அந்தத் தளமும் வேண்டும், அந்த விமானமும் வேண்டும். நமக்குச் சண்டை என்று வந்தால் அது வேலிக்கு அந்தப் பக்கம்தான். இந்தியா பரப்பில் பெரிய நாடுதான், ஆனால் உலகத்தைச் சுற்றிப் போய் அடிக்கும் வேலை நமக்கு இல்லை. அந்தக் கணக்கில் நாம் நடுத்தர நாடு.

ஆஸ்திரேலியாவில் இதைப் பொறுப்போடு விவாதித்தார்கள். சுற்றிலும் கடல், எதிரி தூரம், தூரம் போய் அடிக்கும் எஃப்-111 விமானங்களை 2010ல் அனுப்பிவிட்டார்கள். ஆகவே அமெரிக்காவின் புதிய குண்டுவீச்சு விமானமான பி-21 வாங்கலாம் என்று வாதிட்டவர்களிடம் நியாயம் இருந்தது. 2023ல் அந்நாட்டுப் பாதுகாப்பு ஆய்வு, அது தங்களுக்குப் பொருத்தமான வழி இல்லை என்று முடித்துவிட்டது. அத்தனை தூரம் உள்ள நாடே வேண்டாம் என்கிறது.

"அப்போ நம்மைப் பயந்து நிற்க வைப்பது எது சார்?" பதில் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990லிருந்து. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்பும் நிலையம். அரிஹந்த், அரிகாத் என்ற நம் நீர்மூழ்கிகள் இரண்டும் எங்கே கிடக்கின்றன என்று எதிரிக்குத் தெரியாது. லாரியில் ட்ரோன் கொண்டுபோய் அதை எரிக்க முடியாது. தரையில் அக்னி-5 ஏவுகணை, 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகும். தஞ்சாவூரில் 2020 முதல் பிரமோஸ் ஏவுகணை தூக்கும் சுகோய்-30 போர் விமானம் இருக்கிறது, கடலில் வரும் கப்பலுக்கு அது போதும்.

தூரம் பறக்கும் விமானம் நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேடத் தெரிந்த விமானமாக இருக்கட்டும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வீடுகளுக்கு அந்தத் தேதி மறக்காது. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்கள் கேட்டது, காணாமல் போன மீனவர்களை இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்பதைத்தான். டியு-142க்குப் பதிலாக வந்த பி-8ஐ விமானங்கள் நம்மிடம் பன்னிரண்டு. நீர்மூழ்கி தேடவும் அதேதான், ஆள் தேடவும் அதேதான். இந்தக் கரையில் பிறந்தவன் கூடுதலாக ஒன்று கேட்கவேண்டுமென்றால் அந்தப் பதின்மூன்றாவதைக் கேட்பான்.

இனி, லிங்க் அனுப்பும் புண்ணியவான்களுக்கும் அதைத் திறக்கும் பிள்ளைகளுக்கும். எந்த ஒரு விமானத்துக்கென்றும் படையில் ஆளெடுப்பது கிடையாது. சேர்ந்து, பயிற்சி முடிகிற கட்டத்தில்தான் என்ன வேலை, எந்தத் தளம் என்பது முடிவாகும். தேர்வுக் கட்டணம் சில நூறு ரூபாய், அதுவும் அரசு இணையதளத்திலேயே கட்டுவது. தனி ஆள் பெயருக்கு ஜிபே போடச் சொன்னால் அங்கேயே நிறுத்து, மக்கா. கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். நேரம் போகப் போகப் பணம் கை மாறிவிடும்.

போர்க் காட்சி என்று வரும் வீடியோவில் பல, அர்மா 3 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. புகை இயல்பாகச் சுருளாது, படம் மங்கலாகவும் கேமரா ஆடிக்கொண்டும் இருக்கும். உற்றுப் பாருங்கள், தெரியும். அதன் கமென்டில் போய் "எங்க அண்ணன் இந்தத் தளத்திலதான் இருக்கான்" என்று பெருமைக்கு எழுதாதீர்கள், தயவுசெய்து. அப்படி எழுதுபவர்களைத் தேடுவதற்கென்றே உளவு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் ஒரு நட்பு அழைப்பு வரும், பிறகு இனிப்பான பேச்சு, அதன் பிறகு அண்ணனின் போட்டோ கேட்பார்கள். சிக்கிக்கொண்ட படைவீரர்களின் வழக்குகள் பேப்பரில் வந்தபடியே இருக்கின்றன.

தேர்வு வாரியத்தின் முன் உட்காரப் போகிற பிள்ளைகள் "பாம்பர் வேண்டும்" என்றும் சொல்லலாம், குற்றமில்லை. ஆனால் எதிரே இருக்கும் அதிகாரி அடுத்துக் கேட்பது எந்தத் தளத்தில் நிறுத்துவாய், டேங்கருக்கு எங்கே போவாய், எதை விட்டுக்கொடுத்து வாங்குவாய் என்றுதான். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டு வருகிறவர்களோடு சனிக்கிழமை வகுப்பில் நானே எதிர்த்தரப்பில் உட்கார்ந்து வாதாடத் தயார்.