வலிப்பு நின்ற பிறகு நடப்பது

1967-இல் கிரஹாம் காடார்ட் என்ற உளவியலாளர் எலிகளில் கண்ட ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, தினமும் சிறிது நேரம் மிகக் குறைந்த மின்சாரம் செலுத்திவந்தார். முதல் நாள் எலி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாட்கள் போகப்போக முகம் துடித்தது, முன்னங்கால்கள் வெட்டி இழுத்தன. கடைசியில் முழு வலிப்பே வந்தது. இத்தனைக்கும் மின்சாரத்தின் அளவு கூட்டப்படவே இல்லை. வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி அதே அளவு செலுத்தினாலும் வலிப்பு வந்தது. சுள்ளியில் பற்றிய நெருப்பு விறகுக்குப் பரவுவது போல என்று சொல்லி, இதற்குக் 'கிண்டிலிங்' என்று பெயரிட்டார்கள்.

மின்சாரம் மாறவில்லை என்றால் மாறியது மூளைதான். மின்துடிப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. வாரக்கணக்கில் தங்குவதற்கு ஏதாவது ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் புரதம்.

மின்சாரம் எப்படிப் புரதமாகிறது? நடுவில் நிற்பது கால்சியம். அமைதியாக இருக்கும் நியூரான் என்ற நரம்புச் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் கொஞ்சம் உள்ளே நுழைந்தாலும் செல்லுக்கு அது பெரிய செய்தி. வழக்கமாக அதற்கான முக்கிய வாசலான என்.எம்.டி.ஏ. ஏற்பியை மெக்னீசிய அயனி ஒன்று தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கும். வலிப்பின்போது ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒரே தாளத்தில் துடிக்க, குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கொட்ட, தக்கை விலகி கால்சியம் பாய்கிறது. அது எழுப்பும் நொதிகள் செல்லின் உட்கருவரை சேதி கொண்டுபோய், அங்கே க்ரெப் என்ற புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. க்ரெப் உறங்கிக்கிடக்கும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது.

முதலில் எழுவது சி-ஃபாஸ் என்ற மரபணு; அதன் புரதம் ஃபாஸ். 1987-இல் சுண்டெலிகளுக்கு ரசாயனத்தால் வலிப்பு வரவழைத்து மூளையைச் சீவிப் பார்த்தபோது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் உட்கருக்களெல்லாம் ஃபாஸ் சாயம் பிடித்துக் கறுத்திருந்தன. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது மறைந்துவிடும். ஆனால் ஃபாஸ் சும்மா வந்துபோகிற விருந்தாளி இல்லை. ஜுன் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து அடுத்த வரிசை மரபணுக்களை இயக்கிவிட்டுத்தான் போகிறது. 1995-இல் ஆர்க் என்ற இன்னொரு மரபணு பிடிபட்டதுகூட எலிகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பு கொடுத்துத் தேடியபோதுதான். ஆர்க்கின் ஆர்.என்.ஏ. (மரபணுவின் நகல்) உட்கருவை விட்டுக் கிளம்பி, நியூரானின் கிளைகளில் எந்த இணைப்பு துடித்ததோ அதன் அருகே போய் இறங்குகிறது.

இவை எதுவும் வலிப்புக்கென்றே உண்டான புரதங்கள் அல்ல. எலியைப் புதிய கூண்டில் விட்டு மோப்பம் பிடிக்கவிட்டாலும் ஃபாஸும் ஆர்க்கும் ஆங்காங்கே சில செல்களில் எழும். பாடம் படிப்பதற்கென்று இருக்கும் அச்சகத்தையே வலிப்பு கைப்பற்றி, ஒரே பக்கத்தை லட்சம் பிரதி அடித்துத் தள்ளுகிறது. காடார்டின் எலிகள் வலிப்பைக் 'கற்றுக்கொண்டன' என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை என்பது என் எண்ணம்.

இந்த முதல் அலைக்குப் பின் வரும் மாற்றங்கள்தான் மெதுவானவை, ஆபத்தானவை. அவற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமானது குளோரைடின் கதை. நியூரான்களை அடக்கிவைக்கும் மூளையின் முக்கிய வேதிப்பொருள் காபா. அது தன் ஏற்பியைத் தொட்டதும் குளோரைடு அயனிகள் நியூரானுக்குள் நுழைந்து அதை அடக்குகின்றன. இது நடக்க வேண்டுமானால் உள்ளே குளோரைடு ஏற்கெனவே குறைவாக இருக்க வேண்டும். கே.சி.சி.2 என்ற புரதம் ஓயாமல் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. கிண்டிலிங் செய்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் இந்தப் புரதம் குறைந்துபோனது. இறைப்பவர் இல்லாத படகில் தண்ணீர் ஏறுவது போல, குளோரைடு உள்ளேயே தேங்குகிறது. பிறகு காபா வந்து கதவைத் திறந்தாலும் குளோரைடு உள்ளே வரத் தயங்கும். சில செல்களில் எதிர்த்திசையில் வெளியேறி, அடக்க வேண்டிய நியூரானைத் தூண்டியும்விடும். பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுக்கிற நிலை.

கே.சி.சி.2-ஐக் குறைப்பது யார் என்று பார்த்தால், வலிப்பால் பெருகும் இன்னொரு புரதமான பி.டி.என்.எஃப். இது நியூரான்களை வளர்க்கும், நினைவை உறுதிப்படுத்தும் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தது. ட்ரக்-பி என்ற ஏற்பி வழியாக அதுவே இங்கே தடையைக் கழற்றிவிடுகிறது.

இப்படி இன்னும் சில உண்டு. நியூரான் கிளைகளில் வரும் சமிக்ஞைகளைத் தணித்துவைக்கும் எச்.சி.என்.1 என்ற வாயில் வலிப்புக்குப் பின் குறைகிறது. அதன் மரபணுவை அமுக்குவது ரெஸ்ட் என்ற புரதம். போலி டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்தி ரெஸ்டைத் திசைதிருப்பியபோது எலிகளில் எச்.சி.என்.1 குறையாமல் காக்க முடிந்தது. காபா ஏற்பியின் துணைப்பகுதிகளும் இடம் மாறுகின்றன: ஹிப்போகாம்பஸின் சில செல்களில் ஆல்ஃபா-1 குறைந்து ஆல்ஃபா-4 ஏறுகிறது.

எல்லா மாற்றமும் கேடு என்று நினைத்துவிடக் கூடாது. வலிப்புக்குப் பின் ஹிப்போகாம்பஸில் நியூரோபெப்டைடு ஒய் என்ற சிறு புரதம் பெருகுகிறது. வழக்கமாக அதைத் தயாரிக்காத செல்கள்கூடத் தயாரிக்கத் தொடங்குகின்றன. அது குளுட்டமேட் கொட்டுவதைக் குறைக்கிறது. அந்தப் புரதமே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வலிப்பை வரவழைக்கும் கைனிக் அமிலம் கொடுத்தபோது வலிப்பு அடங்காமலே பெரும்பாலானவை செத்தன. கூடியது, குறைந்தது என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யார் குற்றவாளி, யார் காவல்காரர் என்று சொல்ல முடியாது.

பட்டியலில் வேறு பொறிகளும் உண்டு. ஆர்.என்.ஏ. கூடினால் புரதமும் கூடியிருக்க வேண்டும் என்றில்லை. ஹிப்போகாம்பஸை அப்படியே அரைத்து அளந்தால், செத்துப்போன நியூரான்களின் புரதம் 'குறைந்ததாக'வும், அந்த இடத்தில் பெருகிய ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்களின் புரதம் 'கூடியதாக'வும் தெரியும். எந்தச் செல்லும் மனம் மாறியிருக்காது, கூட்டம்தான் மாறியிருக்கும். வலிப்பை வரவழைக்கக் கொடுக்கும் மருந்தாலும் குழப்பம் வரும். கைனிக் அமிலம் ஜப்பானியர்கள் குடற்புழு நீக்கப் பயன்படுத்திய ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து கிடைத்தது. அது தானே நேரடியாகக் குளுட்டமேட் ஏற்பிகளைத் தூண்டும். மாற்றம் வலிப்பால் வந்ததா, அமிலத்தால் வந்ததா? அதனால்தான் வெறும் மின்சாரம் மட்டும் போகும் கிண்டிலிங் சோதனைக்கு இன்றும் மதிப்பு.

குற்றவாளியைப் பிடிக்க ஒரே வழி, ஒரு கண்ணியை அறுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. நீண்ட, கடும் வலிப்பு ஒன்று வந்துபோன எலி நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் சாதாரணமாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் யாரும் தூண்டாமல் வலிப்புகள் தாமாக வரத் தொடங்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் வலிப்பு அடங்கிய பிறகு சுண்டெலிகளில் ட்ரக்-பி ஏற்பியை இரண்டு வாரம் மட்டும் முடக்கினார்கள். பிறகு மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மருந்து உடலை விட்டுப் போய் வாரங்கள் கழிந்த பிறகும், தாமாக வரும் வலிப்புகள் அந்தச் சுண்டெலிகளில் மிக அரிதாகவே வந்தன.