பாடலில் அழுத பிறகு

சாம்பல் புதனில் தொடங்கும் 40 நாள் தவக்காலத்தில் என் ஆலோசனை அறைக்கு ஒரு வகைக் குடும்பங்கள் தவறாமல் வருகின்றன. ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து மனந்திரும்புதல் பாடல்களைப் பாடி, தேம்பி அழுது, "இனித் தொடமாட்டேன்" என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு வந்தவர், ஈஸ்டர் வருவதற்குள் மறுபடியும் மதுக்கடையில் நின்றிருப்பார். மனைவியோ அம்மாவோ கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். "அத்தனை உருக்கமாக அழுதாரே, அதெல்லாம் பொய்யா மேடம்?" என்று கேட்பார்கள்.

பொய் இல்லை. சேலத்தில் குடிநோயாளிகளோடு வேலை செய்யும் ஆலோசகராக இதை உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் அழுதவுடன் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதியையே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். வீட்டில் பட்ட கடனும் பட்ட காயமும் அப்படியே இருக்கின்றன.

இதற்காகப் பாடலை ஒதுக்கிவைக்கச் சொல்லமாட்டேன். வெட்கம் மனிதனின் வாயைக் கட்டிவிடும். "குடித்துவிட்டு அம்மாவைத் தள்ளினேன்" என்று ஒருவரால் நேரடியாகச் சொல்ல முடியாது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடமான கீர்த்தனையின் வரிகளை மட்டும் அவரால் சொல்ல முடியும். யாரோ எப்போதோ எழுதிய வரி, தன் வாயால் சொல்லக் கூசுவதைச் சொல்லத் துணை நிற்கிறது. பைபிளில் தாவீது ராஜாவின் பெயரில் உள்ள 51-ஆம் சங்கீதம் இத்தனை நூற்றாண்டுகளாக மனந்திரும்புகிறவர்களின் ஜெபமாக இருப்பதும் இதனால்தான். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் குற்றத்தை முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன பிறகு பிறந்த பாடல் என்று அதன் தலைப்பே சொல்கிறது. முதலில் உண்மை, பிறகுதான் பாட்டு.

நம்மிடம் உள்ள குறை, பல்லவியிலேயே சுற்றிக்கொண்டிருப்பது. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது உருக்கம் ஏறும். விவரங்கள் சரணங்களில் இருக்கும். அங்கே வரும்போது பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். அதனால் என் அறையில் ராகத்தை எடுத்துவிட்டு, வரிகளைப் பேச்சாகச் சொல்லச் சொல்வேன்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒருவர் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பாடகர் குழுவில் இருந்தவர், பாடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அருமையாகப் பாடுவார். பேச்சாகச் சொல்லச் சொன்னதும் இரண்டாம் சரணத்தில் "என் குற்றம்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். பென்சிலைக் கொடுத்து, "எந்தக் குற்றம் என்று பக்கத்தில் எழுதுங்கள்" என்றேன். பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் "தோடு" என்று எழுதினார். மனைவியின் தோடு அடகுக் கடையில் இருந்தது. அதன் கீழே "பாப்பாவின் பள்ளிக் கட்டணம்". வெகுநேரம் கழித்து, மிகச் சிறிய எழுத்தில், "அம்மா விழுந்தது". அம்மா தானாக விழவில்லை என்பதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மூன்று வரிகள்தான் எங்கள் சிகிச்சைத் திட்டமாயின. அடகுச் சீட்டை மனைவி கையில் கொடுப்பது, வாரக் கூலியை நேராக வீட்டுக்குக் கொண்டுபோவது, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து "நான்தான் தள்ளினேன்" என்று சொல்வது. கடைசியானதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவர் சகேயுவின் கதையில், சுவிசேஷம் எழுதிய லூக்கா கணக்கைச் சொல்கிறார்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளில் 8-ஆவதும் 9-ஆவதும் இதே வேலைதான்: யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி, அவர்களுக்கு மேலும் கேடு வராத வகையில் ஈடுசெய்வது.

இந்த வேலை காலம் பிடிக்கும். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் கடும் புயலில் சிக்கிக் கடவுளைக் கூப்பிட்டவர். ஆனால் அதன் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். 1754-இல்தான் கடலை விட்டார். 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக அந்தப் பாடலை எழுதினார். அடிமை வியாபாரத்தில் தான் கண்டதையும் செய்ததையும் வெளிப்படையாக எழுதி அதை எதிர்த்தது 1788-இல். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 40 ஆண்டுகள். அந்தப் பாடலை நாம் பாடும்போதெல்லாம் இந்த இடைவெளியையும் நினைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயர்களிடமும் ஊழியர்களிடமும் மன்றாடிக் கேட்பது ஒன்று உண்டு. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவரை உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து ஒரே நாளில் குடியை நிறுத்தவைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாத உருவங்கள் தெரியலாம், நாள் கிழமை குழம்பலாம், உடல் கொதிக்கலாம். இதைப் பிசாசின் போராட்டம் என்று எண்ணிச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தால் உயிரே போய்விடலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446. பாட்டுக்கும் ஜெபத்துக்கும் அதன் பிறகு நிறைய நேரம் உண்டு.

மனந்திரும்புதல் பாடல்களே ஆகாத சிலரும் உண்டு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பாட்டியை மகள் பஸ்ஸில் அழைத்து வந்தாள். இரவெல்லாம் பாவ அறிக்கைப் பாடல்களைப் பாடுகிறார், சாப்பாட்டைத் தொடுவதில்லை, தனக்கு மன்னிப்பே கிடையாது என்கிறார். என்ன பாவம் என்று கேட்டால், பல வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டுக்காரியிடம் கோபமாகப் பேசியதைச் சொன்னார். செய்த தவற்றுக்கும் படுகிற வேதனைக்கும் பொருத்தமே இல்லாவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது மனநல மருத்துவர். மருந்தில் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு அவரே துதிப் பாடல்களுக்கு மாறினார். இப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அரசின் இலவச மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். "செத்துவிட்டால் தேவலை" என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிபட்ட மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் சபைக்கு முன்னால் பாடி அழுததைக் காட்டி, உடனே மன்னித்து வீட்டுக்குத் திரும்பும்படி உங்களை யாரும் நெருக்கக் கூடாது. மன்னிப்பது உங்கள் விருப்பம். அதற்கான நேரமும் உங்களுடையது. மன்னித்தாலும் பாதுகாப்பு இல்லாத வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் கிடையாது. அவர் சிகிச்சையைத் தொடர்கிறாரா, கூலி வீட்டுக்கு வருகிறதா, உங்கள் மேல் கை ஓங்காமல் இருக்கிறாரா என்று மாதக்கணக்கில் பாருங்கள். ஆபத்து என்று தோன்றினால் பெண்களுக்கான 181 எண் இரவிலும் எடுக்கப்படும்.