கிராப்: வெட்டா, செதுக்கா, கொய்தலா?

நூலக இணையதளத்துக்குப் படம் தயார் செய்கிற மேசையில் ஒரு நாளைக்குப் பத்து இருபது முறையாவது காதில் விழும் சொல் 'கிராப்'. "கொஞ்சம் கிராப் பண்ணிட்டு ஏத்துங்க", "மேல கிராப் ஆயிருக்கு, பாருங்க". பேச்சில் இது யாருக்கும் இடறுவதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு இடறியது.

முதலில் பொருள். படத்தின் ஓரங்களில் வேண்டாததை விலக்கிவிட்டு வேண்டிய பகுதியை மட்டும் சட்டகத்துக்குள் நிறுத்துவது கிராப். படத்தைச் சிறிதாக்குவது வேறு வேலை. 6000-க்கு 4000 பிக்சல் உள்ள ஒரு குழுப் படத்தை 1500-க்கு 1000 ஆக்கினால், நின்ற எல்லாரும் இருப்பார்கள், சிறிதாக. கிராப் செய்தால் சிலர் காணாமல் போவார்கள். இரண்டுக்கும் 'சுருக்கு' என்ற ஒரே சொல்லைப் போட்டுவைத்த குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி வேலை செய்கிறவர் பாவம்.

இந்த ஆங்கிலச் சொல் நம்மிடம் கணினியோடு வந்ததல்ல. குடுமியை எடுத்துவிட்டு முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட தலைமுறை 'கிராப்பு' வைத்துக்கொண்டது. 'கிராப்புத் தலை' என்று தாத்தாக்கள் சொன்னதும் போட்டோ மென்பொருளின் 'கிராப்' பொத்தானும் ஒரே சொல்தான். முடிவெட்டும் கடையில் நுழைந்த சொல், பல ஆண்டு கழித்து வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் அதன் வேர் இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அது பறவையின் கழுத்தடியில் புடைத்திருக்கும் இரைப்பையைக் குறித்தது. செடியின் உச்சியையும் கதிரையும்கூடக் குறித்தது. உருண்டு திரண்டு நிற்பது என்பது அடிக்கருத்து. கதிரிலிருந்து விளைச்சல் என்ற பொருள் வந்தது. கதிரை, நுனியைக் கிள்ளி எடுப்பது வினையாயிற்று. பிறகு முடியை, விலங்கின் மயிரை, கடைசியில் படத்தின் ஓரத்தை. 'குரூப்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் குரூப் போட்டோவைக் கிராப் செய்வது பங்காளிச் சண்டை.

தமிழில் இப்போது புழங்கும் சொற்களுக்கு வருவோம். 'வெட்டு' ஏற்கெனவே வேறு கட்டளைக்குப் போய்விட்டது. வெட்டி ஒட்டுவது என்றால் எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். 'நறுக்கு' நல்ல பழைய சொல். ஓலைத் துண்டுக்கு 'ஓலை நறுக்கு' என்று பெயர்; 'நறுக்குத் தெறித்தாற்போல்' என்கிறோம். ஆனால் நறுக்கினால் துண்டுகள் பல ஆகும். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எழுதுவதற்காக ஓலையை ஓரம் சீவி ஒரே அளவாக்குவதை 'ஓலை வாருதல்' என்றார்கள். இந்த வேலைக்கு மிக நெருங்கிய சொல் அதுதான். இன்று 'வாரு' என்றால் சீப்பைத் தேடுவார்கள், அதனால் அதையும் விட்டேன்.

மிச்சம் 'செதுக்கு'. இதுதான் பரவலாக எழுதப்படுகிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது: வேண்டாத கல்லை நீக்கினால் சிலை. எனக்கு இதில் ஒரு நெருடல். செதுக்குவது உருவத்தையே மாற்றுவது. 'செதுக்கிய படம்' என்று படித்தால் முகத்தைத் திருத்தி, மாசு மறு நீக்கி அழகுபடுத்திய படம் என்றே தோன்றும். வேறு இடத்தில் இது பெரிய குற்றமில்லை. நூலகத்தின் பழம்படத் தொகுப்பில் அந்த ஐயம் வரவே கூடாது. எல்லை மட்டும் மாறியிருக்கிறது, உள்ளே ஒரு புள்ளியும் தொடப்படவில்லை என்று சொல்லும் சொல் வேண்டும்.

நான் தேர்ந்தது 'கொய்'. பூக் கொய்கிறோம், தினை கொய்கிறோம். இது விளைச்சல் பக்கம். அகநானூற்றின் 36-ஆம் பாட்டில் 'கொய்சுவல் புரவிக் கொடித்தேர்ச் செழியன்' என்று வருகிறது. சுவல் என்றால் பிடரிமயிர். கொய்சுவல் புரவி, பிடரிமயிரைக் கத்தரித்து ஒழுங்கு செய்த குதிரை. கதிரைக் கொய்தலும் மயிரைக் கொய்தலும் ஒரே வினை. ஆங்கிலச் சொல் நடந்த வழியிலேயே இந்தத் தமிழ்ச் சொல்லும் தனியாக நடந்திருக்கிறது. இப்படிப் பொருத்தம் அமைவது அரிது.

பொருத்தம் அதோடு நிற்கவில்லை. 'வெட்டு' என்னும்போது கண் கீழே விழுவதைப் பார்க்கிறது. 'கொய்' என்னும்போது கையில் வந்ததைப் பார்க்கிறது. பூவைக் கொய்தவரிடம் மிச்சச் செடி என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை, அது அங்கேயே நிற்கிறது. இந்த வேலையில் மூலக்கோப்பும் அப்படி நிற்க வேண்டியதுதான். ஸ்கேன் செய்த மூலப்படத்தில் தாளின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம், பக்கத்தில் நிற அட்டை, அளவுகோல் எல்லாம் இருக்கும். பார்க்க அழகாயிராது. ஆனால் தாள் முழுதாகப் பதிவாகியிருக்கிறது என்பதற்கு அந்த விளிம்புதான் சாட்சி. தளத்துக்குப் போகிற ஜேபெக் நகலில்தான் கொய்ய வேண்டும்; அதுவும் மூலத்திலிருந்து ஒரே முறை. கொய்த நகலையே மறுபடி திறந்து கொய்து சேமித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும்.

இதை நான் கற்றது ஒரு தவறால். பழைய குழுப் படம் ஒன்றின் கீழ் ஓரத்தில் கறைபட்ட வெள்ளைப் பட்டை ஒன்று இருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று நீக்கி, அதே கோப்பின் மேல் சேமித்துவிட்டேன். அந்தப் பட்டையில் பென்சிலால் மங்கலாக ஐந்தாறு பெயர்கள் எழுதியிருந்ததை, அசல் படத்தை மறுபடி கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். அசல் இருந்ததால் பிழைத்தேன்.

முகப்புப் பட்டைப் படம் இன்னொரு தலைவலி. அந்த இடம் பெரும்பாலும் 4-க்கு 1 என்ற நீள்வடிவம். 6000-க்கு 4000 படத்திலிருந்து அந்த வடிவத்தைக் கொய்தால் அதிகபட்சம் கிடைப்பது 6000-க்கு 1500. படத்தில் 37.5 விழுக்காடுதான் மிஞ்சும். நாமே கொய்து கொடுக்காவிட்டால் தளம் தானாகக் கொய்யும், வழக்கமாக நடுவிலிருந்து: மேலே 1250 வரி, கீழே 1250 வரி போய்விடும். மூன்று வரிசையாக நின்ற படத்தில் பின்வரிசைக்காரர்களுக்குத் தலை இருக்காது. 'தலையைக் கொய்தான்' என்ற வழக்கும் தமிழில் உண்டு என்பது அப்போது சங்கடமாக நினைவுக்கு வரும்.

பல பெரிய நூலகங்கள் 'ட்ரிபிள் ஐ எஃப்' என்ற பொது முறையில் படம் வழங்குகின்றன. அதில் கோப்பை யாரும் வெட்டுவதே இல்லை. படத்தின் இணைய முகவரியிலேயே எந்தப் பகுதி, எந்த அளவு, எத்தனை பாகை திருப்பம், எந்தத் தரம் என்று வரிசையாக எழுதிக் கேட்கலாம். பகுதிக்கு நான்கு எண்கள்: இடமிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு தள்ளி, அகலம், உயரம். பகுதி முதலில், அளவு பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள், கொய்தபின்தான் சுருக்கு. அந்த முறை அந்த இடத்துக்கு வைத்த பெயரே 'பகுதி' என்பதற்கான சொல்தான், 'கிராப்' அல்ல. கொய்தலுக்குத் தேர்ந்தெடுத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது இங்கே கச்சிதமாக உட்காருகிறது.

சொல்லை ஆள்வது எளிது. வினை 'கொய்', வினையின் பெயர் 'கொய்தல்', விளைந்தது 'கொய்படம்'. கொய்சுவல் போலவே இதுவும் வினைத்தொகை. எதையும் தேர்ந்தெடுக்காமல் ஸ்கேனரின் கறுப்பு விளிம்பை மட்டும் எடுக்கும்போது 'ஓரம் நீக்கு' என்றே எழுதுகிறேன். அதற்கு அகநானூறு வேண்டாம்.

'கொய்' என்றதும் எங்கள் அறையில் இளையவர்கள் 'கொய்யால' என்று சிரித்தார்கள். பேச்சில் இன்னும் எல்லாரும் கிராப்தான், நான் உட்பட. வழிகாட்டிக் குறிப்பில் மட்டும் 'கொய்' நிற்கிறது. போன வாரம் அவர்களில் ஒருவர் அனுப்பிய கோப்புறைகளைத் திறந்தேன். ஒன்றின் பெயர் 'மூலம்', மற்றதன் பெயர் 'கொய்தவை'.