கதையில் வருகிறவன் மேல் ஏன் இவ்வளவு ஆத்திரம்?

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் த்ரில்லர் படித்துக்கொண்டு வருபவர், கொலைகாரன் கத்தியோடு நுழையும் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் கணவன் ஒருவன் மனைவியின் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, "உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?" என்று சிரிக்கும் பக்கத்தில்தான் "சே, என்ன மனுஷன்!" என்று வாய்விட்டுச் சொல்வார். கொலைகாரனை நாம் யாரும் நேரில் பார்த்ததில்லை. இவனைப் பார்த்திருக்கிறோம்.

ஆளே இல்லாத இடத்திலும் மனம் ஆளைக் கண்டுபிடித்துவிடும். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். பார்த்த 34 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் அவற்றை உயிருள்ளவையாகவே விவரித்தார்கள். பெரிய முக்கோணம் பலருக்கு முரடனாகத் தெரிந்தது!

சரி, சஸ்பென்ஸ் கதையில் மட்டும் இந்த வெறுப்பு ஏன் இப்படிக் கொதிக்கிறது? இதற்கு ஊடக உளவியல் ஆய்வாளர் டோல்ஃப் சில்மன் 1970களில் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அடையாறு அடுக்குமாடி ஒன்றில் கரண்ட் போய்விட்டது, இருட்டுப் படிக்கட்டில் கதாநாயகிக்குப் பின்னால் காலடிச் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அடுத்த பக்கத்தில் வெளிச்சம் வந்து மனம் நிம்மதி அடைந்தாலும் உடம்பு உடனே அடங்காது, சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் அந்தக் கணவன் வந்து நக்கலாக ஒரு வார்த்தை சொன்னால், மிச்சமிருக்கும் படபடப்பு முழுவதும் அவன் கணக்கில் ஏறிவிடும். எது பயத்தின் பாக்கி, எது கோபம் என்று மூளை பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்புறம், சாவி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொல்லவும் வழியில்லை. கையைக் கட்டிப்போட்ட இந்த நிலைதான் ஆத்திரத்தை இன்னும் ஏற்றுகிறது என்று நினைக்கிறேன்.

அவன் மாட்டிக்கொள்ளும்போது வரும் திருப்திக்கும் மூளையில் தடயம் உண்டு. டானியா சிங்கர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் நேர்மையில்லாமல் நடந்தவருக்கு வலி கொடுக்கப்படுவதைப் பார்த்த ஆண்களிடம், பிறர் வலியை உணரும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. வெகுமதி கிடைத்தால் தூண்டப்படும் பகுதிகள் உசுப்பப்பட்டன. பெண்களிடம் அந்தக் குறைவு அவ்வளவாக இல்லை.

ஆனால் தண்டனை எப்படி இருந்தாலும் போதும் என்றில்லை. சில்மனும் ஜென்னிங்ஸ் பிரையன்ட்டும் 1975இல் சிறுவர்களுக்கு ஒரே கதையை, தண்டனை குற்றத்துக்குக் குறைவு, சரியான அளவு, மிக அதிகம் என்று மூன்று வெவ்வேறு முடிவுகளோடு காட்டினார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு, குற்றத்துக்கு ஏற்ற தண்டனை கிடைத்த முடிவே மற்ற இரண்டையும்விடப் பிடித்திருந்தது. முந்நூறு பக்கம் மனைவியை வதைத்தவன் கடைசிப் பக்கத்தில் ஈசிஆரில் லாரி மோதிச் செத்தான் என்று முடித்தால், படித்தவருக்கு ஆறாத கோபம் ஆசிரியர் மேல் திரும்புவது அதனால்தான்.