ஏ டு இசட் வருகிறது, 'தண்ணி' வரவில்லை

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோரில் பலர் உட்கார்ந்ததும் போனைத்தான் எடுப்பார்கள். பிள்ளை ஏ டு இசட் சொல்வதையும், நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒப்பிப்பதையும் வீடியோ எடுத்து வைத்திருப்பார்கள். "எல்லாம் தெரியுது மேடம், பேச மட்டும்தான் மாட்டேங்கிறான்." வயது இரண்டரை இருக்கும். தாகம் எடுத்தால் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பாட்டில் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். வீடியோவைவிட எனக்கு இதுதான் முக்கியமான தகவல்.

திரையைப் பார்த்தே குழந்தை பேசக் கற்றுக்கொள்ளாதா? அமெரிக்காவின் சியாட்டிலில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பேட்ரிசியா குல் என்பவரின் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன், சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 தடவை கதை படித்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே அளவு நேரம் வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தை சிரித்தால் டிவி திரும்பச் சிரிக்காது அல்லவா?

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கமும் சொல்கிறது. வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு உண்டு. துபாயில் இருக்கும் அப்பா பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது காட்டும் பொம்மையைப் பற்றியே பேசினால் அது நல்ல பேச்சுதான்.

இன்னொரு சிக்கல், எல்.கே.ஜி. அட்மிஷனை நினைத்து வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது. பெரும்பாலும் "கம், சிட், ஈட், நோ" என்ற நாலு கட்டளையோடு அது நின்றுவிடும். கொஞ்சுவது, கதைவிடுவது, செல்லமாகத் திட்டுவது எல்லாம் நமக்குத் தமிழில்தானே சரளமாக வரும்? இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் பெரியவர்களுக்கே சரியாக வராத மொழியில் பேசும்போது, குழந்தை காதில் விழும் பேச்சே குறைந்துபோகிறது. மதுரைத் தமிழோ நாகர்கோவில் தமிழோ, வீட்டில் இருப்பதைப் பேசுங்கள்.

சரி, எப்படிப் பேசுவது? "இது என்ன? இது என்ன கலர்?" என்று பரீட்சை வைப்பதைக் குறையுங்கள். வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, "தோலு உரியுது... ஐயோ, கண்ணு எரியுது" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பிஸ்கட் டப்பாவை உங்கள் முகத்துக்கு அருகே பிடித்து, "பிஸ்கட்டு வேணுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். குழந்தை பார்த்தாலோ, "பி" என்றாலோ உடனே கொடுத்துவிடுங்கள். அந்த ஐந்து எண்ணுவதற்குள் அம்மாக்களைவிடப் பாட்டிகள்தான் தவித்துப்போவார்கள்!

பாட்டிகள் சொல்லும் இன்னொன்று, "இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான்." சில குழந்தைகள் தாமதமாகத் தொடங்கித் தானாகவே எட்டிப்பிடிப்பது உண்மைதான். எந்தக் குழந்தை அப்படி எட்டிப்பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாக்கில் வசம்பு தேய்த்துக் காத்திருந்து ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எதற்கும் முன்னால் காதைச் சோதியுங்கள். "மேளம் அடிச்சா திரும்புறானே" என்பார்கள். மேளச் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கு 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் இருக்கலாம். தூங்கும்போதே செய்யும் 'பெரா' (BERA) என்ற செவித்திறன் பரிசோதனை அதைப் பெரும்பாலும் காட்டிவிடும். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லையா? இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல் சேரவில்லையா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையா? அல்லது பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோயினவா? அடுத்த பிறந்தநாள்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே உள்ள மையம் அது. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.