சாலையைக் காக்கும் பீரங்கி

கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரோஜர்ஸ் கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 1,330 மீட்டர். டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் போகிறது. கடுங்குளிரிலும் லாரிகள் ஓய்வதில்லை. இரு பக்கமும் செங்குத்தான மலைகள். கணவாயை ஒட்டிய 40 கி.மீ. தூரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்கள் சாலையை நோக்கி இறங்குகின்றன.

மலையில் பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேகமில்லாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் வளரும். அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடினால், நடுவே பிடிமானமில்லாத ஓர் அடுக்கு சிக்கிக்கொள்ளும். காற்று வேறு பக்கத்துப் பனியையும் வாரிக் கொண்டுவந்து சேர்க்கும். பாரம் தாங்காமல் நடு அடுக்கு உடைந்ததும், மேலே இருப்பது மொத்தமாகப் பெயர்ந்து வரும். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளே மிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும்.

காரில் போகிறவர் ஒரு தடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுவார். பனி அள்ளுபவரோ அதன் அடியிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். 1910 மார்ச் 4 இரவு, சியோப்ஸ் மலையிலிருந்து சரிந்த பனியை ரயில் தொழிலாளர்கள் தண்டவாளத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ரயில் நிறுவனம் 1916-ல் கோனாட் சுரங்கத்தைத் திறந்து மலைக்கு அடியில் போய்விட்டது. அது கைவிட்ட கணவாயிலேயே 1962-ல் நெடுஞ்சாலையைத் திறந்தார்கள். துணிச்சலைவிடப் பிடிவாதம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

சரி, எப்படிச் சமாளிக்கிறார்கள்? சாலையை மூடி, வாகனங்களைத் தடங்களுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, ராணுவம் 105 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கியால் மலையைச் சுடுகிறது. குறி, சரிவு தொடங்கும் மேட்டுப்பகுதி. வெடிப்பு அந்தப் பலவீனமான அடுக்கை உடைத்துவிடும். பனி பெரிதாகச் சேருமுன், கீழே ஆளில்லாத நேரத்தில் இறங்கிவிடும். எந்த இலக்குக்கு எந்தக் கோணம் என்று முன்பே குறித்து வைத்திருப்பதால், ஹெலிகாப்டர் பறக்க முடியாத புயலிலும் சுடலாம்.

அப்புறம்தான் துப்புரவு. ஓடிவந்த பனித்துகள்கள் உராய்ந்து நொறுங்கி, நின்றதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கான்கிரீட்போல இறுகிவிடும். முறிந்த மரங்களும் பாறைகளும் கலந்திருந்தால், பனியை ஊதித் தள்ளும் இயந்திரம் பழுதாகும். லோடரால்தான் அள்ள வேண்டும். மேலே மிச்சம் தொங்குகிறதா என்று பனிச்சரிவு நிபுணர்கள் பார்த்துச் சொன்ன பிறகே ஆட்களை இறக்குவார்கள். சுட்டதில் சில குண்டுகள் வெடிக்காமல் மலையில் கிடக்கலாம். அப்படி எதையாவது கண்டால் தொடாமல் உடனே தகவல் தரும்படி, அங்கே நடக்க வருபவர்களை, கணவாய் அமைந்துள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகம் எச்சரிக்கிறது.